அடிமை என்ன உடுத்தலாம் என்று சட்டம் போட்ட ஊர்

நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க ஓபி-யில் தினமும் பார்க்கிற விஷயம் பித்தவெடிப்பு. வயல் வேலை, செங்கல் சூளை, வெறுங்கால் நடை. வெடிப்பு ஆழமானா ரத்தம் கசியும், சீழ் பிடிக்கும், சர்க்கரை வேற இருந்தா கேட்கவே வேண்டாம். ஆனா பேனாவைப் படுக்க வைக்கிற அளவுக்கு ஆழமான வெடிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்படி ஒரு காலைப் பத்திப் படிச்சிருக்கேன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரரே எழுதியது.

அவர் பெயர் ஃப்ரெடரிக் டக்ளஸ். 1818 வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பின்னாளில் தப்பித்து வந்து பேச்சாளர், பத்திரிகை ஆசிரியர், எழுத்தாளர் என்று உலகம் அறிந்த மனிதர் ஆனவர். 1845-ல் வெளிவந்த தன்வரலாற்றில், சின்ன வயசில் பனியில் தன் கால்கள் எப்படி வெடித்திருந்தன என்று சொல்ல வரும்போது, இப்போ எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பேனாவையே அந்தப் பிளவுக்குள் வைக்கலாம் என்கிறார்.

ஏன் அப்படி வெடித்தது? போட்டுக்க ஒண்ணும் இல்லை. அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிற வயசு வராத குழந்தைகளுக்கு அந்தப் பண்ணையில் வருஷத்துக்கு இரண்டு முரட்டு லினன் சட்டை. முழங்கால் வரைக்கும் வரும். கால்சட்டை கிடையாது, செருப்பு கிடையாது, கம்பளி கிடையாது. அந்த இரண்டும் கிழிந்துபோனா அடுத்த வருஷம் துணி கொடுக்கும் நாள் வரை அம்மணம்தான். ஆணோ பெண்ணோ, ஏழு வயசோ பத்து வயசோ, அதே கதை. சிறுவன் டக்ளஸ் ராத்திரியில் மக்காச்சோளச் சாக்கு ஒன்றைத் திருடி, தலையை உள்ளே விட்டுக்கிட்டு மண் தரையில் தூங்குவான். பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தப் பாதம்தான் வெடித்தது.

அந்தப் பண்ணை ஏழைப் பண்ணை இல்லை. கர்னல் லாயிட் குடும்பம், மேரிலாந்தின் பெரும் பணக்காரர்கள்.

"சரி டாக்டர், கஞ்சப்பய முதலாளி, அதான் துணி கொடுக்கல"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். கஞ்சத்தனம் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு. அடிமைகளுக்கு முரட்டுத் துணி மட்டும்தான் கொடுக்கணும், அதைவிட நல்லதா அவங்க எதையும் போட்டுக்கவே கூடாதுன்னு ஒரு ஊரில் சட்டமே இருந்தது. அதைப் பார்க்க டக்ளஸ் காலத்தில் இருந்து நூறு வருஷம் பின்னாடி போகணும். அப்போ அமெரிக்கா தனி நாடு இல்லை, பிரிட்டிஷ் காலனிகள்.

தெற்குக் கரோலைனா. நெல் விளையும் சதுப்பு நிலம். ஆப்பிரிக்காவில் இருந்து கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கிய சார்லஸ் டவுன் துறைமுகம், இன்றைய சார்ல்ஸ்டன். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வெள்ளையர்களைவிடக் கறுப்பின மக்கள்தான் அதிகம். எண்ணிக்கையில் சிறுபான்மையா இருந்து ஆளுகிறவனுக்கு எப்பவும் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்தில்தான் சட்டங்கள் வருது.

1735-ல் ஒரு அடிமைச் சட்டம் போடுறாங்க. அதில் துணிகளின் பட்டியல் ஒன்று இருக்கு. அடிமைகள் உடுத்தலாம் என்று அனுமதிக்கப்பட்டவை: 'நீக்ரோ துணி' (அந்தக் காலத்து வியாபாரப் பெயர், அதனால அப்படியே எழுதுறேன்), டஃபல், கெர்சி என்ற முரட்டுக் கம்பளிகள், ஆஸ்னபர்க், நீல லினன், கட்டம் போட்ட லினன், மட்டமான காலிகோ, கட்டம் போட்ட பருத்தி, ஸ்காட்லாந்துக் கட்டக் கம்பளி. இதைவிட உசத்தியா, விலை கூடுதலா, வேற மாதிரியா எதையும் போடக் கூடாது.

இதில் காலிகோ என்ற பெயரைப் பார்த்தீங்களா? நம்ம கள்ளிக்கோட்டைதான். அந்தத் துறைமுகத்தின் பெயரை வைத்து ஐரோப்பியர்கள் இந்தியப் பருத்தித் துணியை அப்படிக் கூப்பிட்டாங்க. இதை ஓரமா வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

தடையைவிட எனக்கு உறுத்தியது அதை அமல்படுத்தின விதம். விதிமீறி நல்ல துணி போட்ட அடிமையைப் பார்த்தா, கான்ஸ்டபிளோ வேறு யாருமோ அந்தத் துணியைப் பறிமுதல் செய்யலாம். பறித்ததை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டாம், தானே வச்சுக்கலாம்! நடுத்தெருவில் ஒரு பெண்ணின் பாவாடை அவள் தகுதிக்கு மேலானது என்று ஒருத்தன் முடிவு பண்ணினா, சட்டம் அவன் பக்கம். அந்தப் பாவாடையும் அவனுக்கு.

1739 செப்டம்பரில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகளின் கிளர்ச்சி வெடித்தது. ஆயுதக் கடையை உடைத்து, ஸ்பானியர்கள் வசம் இருந்த ஃபுளோரிடாவை நோக்கி நடந்தாங்க. அங்கே போனா விடுதலை. கிளர்ச்சி அன்றைக்கே நசுக்கப்பட்டது. அடுத்த வருஷம், 1740-ல், இன்னும் இறுக்கமான சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தா 100 பவுண்டு அபராதம். முரசு அடிக்கக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. அந்த வரிசையில் துணிப் பட்டியல் மறுபடியும் வருது, அதே பெயர்களோடு.

எழுத்து, முரசு, சட்டை. மூன்றையும் ஒரே சட்டத்துக்குள்ள பூட்டினாங்க. ஒரு சட்டைக்கு இவ்வளவு மரியாதையான்னு யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பிரிவுக்குக் காரணமும் சொல்லியிருக்காங்க. அடிமைகள் பலர் தங்கள் நிலைக்கு மிஞ்சிய ஆடை உடுத்துறாங்க, அதை வாங்கத் தவறான வழிகளில் இறங்குறாங்க என்பதுதான் புகார். ஒரே ஒரு விதிவிலக்கு, சீருடை போட்ட ஆண் வேலைக்காரர்கள். முதலாளியின் வண்டி ஓட்டுகிறவன், விருந்தில் பரிமாறுகிற பையன். இவங்க சரிகை வச்ச கோட்டே போடலாம். ஏன்னா அந்தக் கோட்டின் மினுக்கு முதலாளியின் கணக்கில் சேரும். தனக்காக உடுத்தினால்தான் குற்றம்.

போதுமான துணி கொடுக்காத முதலாளி மேல புகார் செய்ய ஒரு வழியும் அதே சட்டத்தில் இருந்தது. ஆனா அடிமைக்காக வேறு யாராவது போய்ப் புகார் கொடுக்கணும். வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல முடியாது. எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இவ்வளவு கெடுபிடி போட்டும் சட்டம் ஜெயிச்சதா? நாலே வருஷத்தில், 1744-ல், சார்லஸ் டவுன் கிராண்ட் ஜூரி ஒரு குறை எழுதுது: சட்டம் சொல்றபடி யாரும் உடுத்துறதில்லை, குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள் நிலைக்கு மிஞ்சிப் பளபளப்பா உடுத்துறாங்க என்று. 1772-ல் அதே ஊர்ப் பத்திரிகையில் ஒருத்தர் புலம்புறார், பல வெள்ளைக்காரப் பெண்களைவிட அடிமைப் பெண்கள் நேர்த்தியா உடுத்துறாங்களாம்.

துணி எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாகக் காய்கறி போட்டு, கோழி வளர்த்து, சந்தையில் விற்ற காசு. கூலி வேலைக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள் முதலாளிக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்த காசு. முதலாளியம்மா கழித்துப்போட்ட கவுன். திருட்டும் உண்டு. வாரம் ஆறு நாளும் சாக்கு மாதிரித் துணியில் வயலில் குனிந்து கிடந்த பெண், ஏழாவது நாள் நீலப் பாவாடையும் கழுத்தில் மணியுமா தெருவில் நிமிர்ந்து நடந்தா, அதைப் பார்க்கிற நீதிபதிகளுக்கு அது தலைவலி. முதலாளிகளும் கண்டுக்கல. தன் வீட்டு வேலைக்காரி கந்தலில் நின்றால் கௌரவக் குறைச்சல் அவங்களுக்குத்தானே.

இப்போ முக்கியமான கேள்வி. தோல் நிறமே காட்டிக் கொடுக்குமே, அப்புறம் எதுக்குத் துணிக்குச் சட்டம்?

பதில்: தோல் நிறம் காட்டிக் கொடுக்கல.

வர்ஜீனியா காலனியில் 1662-ல் ஒரு சட்டம் வந்தது. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமை, அப்பன் யாரா இருந்தாலும். மற்ற காலனிகளும் இதையே பின்பற்றின. அப்பன் யார் என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். முதலாளி, முதலாளியின் மகன், மேஸ்திரி. அந்தப் பெண்களுக்கு மறுக்கிற உரிமை இருக்கலை. இதே மாதிரி இரண்டு மூன்று தலைமுறை போனா என்ன ஆகும்? மரபணுவுக்குச் சட்டம் தெரியாது. முதலாளியின் மகளைவிட வெளுப்பான அடிமைக் குழந்தை பிறக்கும். பிறந்தது. இன்னொரு பக்கம், விடுதலை வாங்கின கறுப்பின மக்களும் அதே தெருவில் நடக்கிறாங்க.

ஆக, 'பார்த்தாலே தெரியும்' என்று சொன்ன இனக் கோடு பார்த்தாத் தெரியலை. தெரியாததைத் தெரிய வைக்கத்தான் ஆஸ்னபர்க் தேவைப்பட்டது.

அந்தத் துணி உடம்பில் பட்டா எப்படி இருக்கும்னு எழுதி வச்சவங்க இருக்காங்க.

புக்கர் டி. வாஷிங்டன், வர்ஜீனியாவில் அடிமைக் குழந்தையாகப் பிறந்து பின்னாளில் பெரிய கல்வியாளர் ஆனவர். ஆளி நாரின் கழிவில் நெய்த சட்டையைப் புதுசாப் போடுறதுதான் சின்ன வயசில் தான் பட்ட பெரிய சித்திரவதைகளில் ஒன்று என்கிறார். பல் பிடுங்குவதோடும், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முள்ளுக்காய்கள் உடம்பைக் குத்துவதோடும் ஒப்பிடுறார். ஆளிச் செடியின் தண்டை உரித்து நல்ல நாரைச் சீவி எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் குச்சித் துணுக்குகள் ஒட்டிக்கிட்டே இருக்கும். குழந்தையின் தோல் பெரியவங்க தோலைவிட மெல்லிசு. வியர்வை, உராய்வு, குத்தல், சொறிதல், புண். எந்த ஓபி-யிலும் இதை இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிச்சுடலாம். வேற சட்டை போடச் சொன்னாப் போதும். அவங்களுக்கு அதுதான் முடியாது.

அவருடைய அண்ணன் ஜான் ஒரு காரியம் செய்வாராம். தம்பிக்குப் புதுச் சட்டை வந்தா, அதை முதலில் தான் சில நாள் போட்டுக்கிட்டுத் திரிவார். முரடு தேய்ஞ்சு கொஞ்சம் மென்மையான பிறகு தம்பிக்குக் கொடுப்பார். இந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வச்சேன்.

வட கரோலைனாவில் அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், வருஷா வருஷம் குளிர்காலத்தில் எஜமானி கொடுத்த லினனும் கம்பளியும் கலந்த முரட்டு கவுனை எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதுறார். குளிருக்கு அது உதவியிருக்கும். ஆனா அவர் அதை அடிமைத்தனத்தின் அடையாள முத்திரையாகத்தான் பார்த்தார்.

இந்தத் துணியை யார் நெய்து அனுப்பினாங்க? ஆஸ்னபர்க் என்பது ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் ஊர்ப் பெயர். முரட்டுக் கம்பளி வேல்ஸ் மலைக் கிராமங்களில் இருந்து வந்தது. அமெரிக்கா விடுதலை அடைந்த பிறகு, அடிமை முறையைக் கைவிட்டுவிட்ட வட மாநிலமான ரோட் ஐலண்டில் 'நீக்ரோ துணி' நெய்யும் ஆலைகள் முளைத்தன. அங்கே ஹசார்டு குடும்பம் பெரிய பெயர். அந்தக் குடும்பத்து ரோலண்ட் ஹசார்டு இந்தத் துணியை விற்க நியூ ஆர்லியன்ஸ் வரை போவார். அதே மனிதர் 1841 வாக்கில், அந்த ஊர்ச் சிறையில் அநியாயமாக அடைக்கப்பட்டிருந்த, வடக்கில் இருந்து வந்த சுதந்திரக் கறுப்பினத்தவர்களை மீட்க ஆபத்தைப் பார்க்காமல் அலைந்தார். அவரை நல்லவர் கணக்கில் எழுதுறதா கெட்டவர் கணக்கில் எழுதுறதா? எனக்குத் தெரியல.

நியூ ஆர்லியன்ஸ் பேச்சு வந்ததால அங்கேயே போவோம். நம்ம ஊர் இந்தக் கதைக்குள் நுழையுறது அந்த ஊர் வழியாத்தான்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் லூசியானா ஸ்பெயின் வசம் இருந்தது. ஸ்பானியச் சட்டப்படி அடிமை தன் விலையைத் தானே கட்டி விடுதலை வாங்கலாம். அதனால் நியூ ஆர்லியன்ஸில் சுதந்திரக் கறுப்பின, கலப்பினப் பெண்கள் கணிசமா இருந்தாங்க. கடை வச்சாங்க, தையல் தொழில் செஞ்சாங்க, வீடு வாங்கினாங்க, நல்லா உடுத்தினாங்க. கொண்டையில் இறகு, நகை. இது பலருக்குப் பொறுக்கலை.

1786 ஜூன் 2. ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஒரு அறிக்கை விடுறார். இந்தப் பெண்கள் கூந்தலில் இறகோ நகையோ அணியக் கூடாது, தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்கணும். வயலில் வேலை செய்த அடிமைப் பெண்கள் தலையில் துணி கட்டுவாங்க இல்லையா, அதே மாதிரி. 'டின்யோன்' என்று அந்தக் கட்டுக்குப் பெயர். கவனிங்க, இவங்க அடிமைகள் இல்லை. சட்டப்படி சுதந்திரமானவங்க. ஆனா பார்க்கிறவன் கண்ணுக்கு அடிமையோடு சேர்ந்து தெரியணும்.

அந்தப் பெண்கள் துணி கட்டினாங்க. எப்படிக் கட்டினாங்க தெரியுமா? இருப்பதிலேயே பளிச்சென்ற துணியை எடுத்து, மடிப்பு மடிப்பா, உயரமா, கிரீடம் மாதிரி. தலைமுடி மறைஞ்சது. ஆளுநர் கேட்டது கிடைச்சது. ஆனா எந்த அழகை அடக்கணும்னு சட்டம் வந்ததோ அது இரண்டு மடங்கா நிமிர்ந்து நின்றது. கொஞ்ச காலத்தில் அந்தத் தலைக்கட்டே ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு.

அவங்க கட்டின துணிகளில் பேர் பெற்றது எது? மெட்ராஸ் கைக்குட்டை.

ஆமாங்க, நம்ம மெட்ராஸ். சிவப்பு, மஞ்சள், நீலத்தில் கட்டம் போட்ட சதுரப் பருத்தித் துணி. நம்ம லுங்கிக் கட்டத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க, கிட்டத்தட்ட அதுதான். சோழமண்டலக் கரையில், சென்னையைச் சுற்றியும் வடக்கே ஆந்திரக் கரையிலும் கைத்தறியில் நெய்து கப்பல் ஏறியது. மார்ட்டினிக், குவாடலூப், டொமினிகா, செயின்ட் லூசியா என்று கரீபியன் தீவுகள் முழுக்க இன்றைக்கும் விழா நாள் உடை இந்தக் கட்டத் துணிதான், பெயரும் 'மெட்ராஸ்'தான். 1850-களில் மார்ட்டினிக்குக்கும் குவாடலூப்புக்கும் நம்ம தமிழ்க் கூலிகள் போய்ச் சேர்ந்தபோது, அவங்களுக்கு முன்னாடியே அவங்க ஊர்த் துணி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தா 'தமிழன் நெய்த துணி உலகை ஆண்டது'ன்னு ஃபார்வர்டு பண்ணிக் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா பாதிக் கதையைச் சொல்லிட்டு ஓடக் கூடாது.

அந்த மக்கள் அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டதிலும் இதே கரைத் துணிக்குப் பங்கு இருக்கு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்க ஐரோப்பிய வியாபாரிகள் கொடுத்த சரக்குகளில் துப்பாக்கி, மது, இரும்பு எல்லாம் உண்டு. ஆனா துணிதான் முக்கியம், அதிலும் இந்தியப் பருத்தித் துணிக்கு இருந்த கிராக்கி தனி. அங்கே இருந்த மக்கள் துணி விஷயத்தில் கறார், நிறமோ தரமோ பிடிக்கலைன்னா வாங்க மாட்டாங்க. கம்பெனிக்காரன் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பாண்டிச்சேரியிலும் வாங்கி லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பிரான்ஸுக்கும் அனுப்புவான். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு. இங்கிலாந்தில் தங்கள் நெசவுத் தொழிலைக் காப்பாத்த 1721-ல் காலிகோ உடுத்தவே தடை போட்டாங்க, ஆனா மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஒரு வகைத் துணிக்கு 'கினியா துணி' என்றே பெயர்.

நைஜர் டெல்டாவில் இன்றைக்கும் ஒரு உயர்ந்த துணி வகைக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். கப்பல் ஏறின இடமான செயின்ட் ஜார்ஜ் கோட்டையை வச்சு வந்த பெயர் என்கிறாங்க. தலைமைச் செயலகம் இருக்கே, அதே கோட்டை.

அந்தத் தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் துணி எங்கே போகுதுன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. முன்பணம் வாங்கிக் கடனில் சிக்கி, இடைத்தரகர் சொன்ன அளவுக்கு நெய்து கொடுத்தவர் அவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்தலை. ஆனா அடிமை வாங்கக் கொடுத்த துணியும், அந்த அடிமையின் பேத்தி தலைநிமிரக் கட்டின துணியும் ஒரே கரையில் நெய்தவை என்பது நமக்குத் தெரியணும்.

(கன்னியாகுமரிக்காரங்க இந்நேரம் தோள்சீலைப் போராட்டம்னு கமெண்ட் டைப் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. எனக்கும் அதே ஞாபகம்தான் வந்தது. அது தனியா எழுத வேண்டிய கதை, எழுதுறேன். இன்னைக்குக் கடல் தாண்டியே இருப்போம்.)

கடைசியா ஒரு தம்பதி. இந்தப் பதிவை எழுதவே ஆரம்பிச்சது இவங்களால்தான்.

எலன், வில்லியம் கிராஃப்ட். ஜார்ஜியா மாநிலம், மேக்கன் நகரம், 1848. எலனின் அம்மா அடிமை, அப்பா அந்த வீட்டு முதலாளி. எலன் பார்க்க வெள்ளைக்காரி. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இந்தப் பொண்ணும் உங்க பிள்ளையான்னு கேட்க, முதலாளியம்மாவுக்கு எரிச்சல் தாங்கலை. 11 வயசில் எலனைத் தன் மகளுக்குக் கல்யாணச் சீதனமாகக் கொடுத்து அனுப்பிட்டாங்க. அதாவது, சொந்த அக்காவுக்குத் தங்கச்சி சீதனம்.

வில்லியம் தச்சர். கறுப்பு நிறம். இரண்டு பேரும் தப்பிக்க ஒரு திட்டம் போட்டாங்க: எலன் வெள்ளைக்கார இளம் முதலாளி, வில்லியம் அவருடைய அடிமை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கறுப்பின ஆணுடன் தனியாகப் பயணம் போக முடியாது, அதனால் ஆண் வேஷம். வில்லியம் ஓய்வு நேரத்தில் வேலை செய்து சேர்த்த காசில் கோட், தொப்பி, பூட்ஸ் என்று ஊரின் வெவ்வேறு மூலைகளில் ஒவ்வொன்றாக வாங்கினார். அடிமைக்கு முதலாளி அனுமதியில்லாமல் பொருள் விற்பது குற்றம்தான். ஆனா அடிமை சாட்சி சொல்ல முடியாது என்பதால் கடைக்காரர்கள் தைரியமா விற்றாங்க. அடிமையை ஊமையாக்கப் போட்ட சட்டமே இங்கே உதவிக்கு வந்தது பாருங்க! கால்சட்டையை மட்டும் எலன் தானே தைத்தார்.

இரண்டு சிக்கல் மிச்சம். எலனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹோட்டலிலும் சுங்கத்திலும் கையெழுத்துக் கேட்பாங்க. அதுக்கு வலது கையில் தொங்கல் கட்டு. முகத்தில் மீசை தாடி இல்லை. அதுக்குக் கன்னத்தில் பத்து போட்டு, தாடையைச் சுற்றித் துணிக் கட்டு. கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி. ஆக, மூட்டுவாதத்தால் அவதிப்படும் பணக்கார இளைஞர், வைத்தியத்துக்காக ஃபிலடெல்ஃபியா போறார். வேலைக்கு லீவ் கேட்டு மாவுக்கட்டு போடச் சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். இந்தக் கட்டுக்கு மட்டும் சந்தோஷமாக சர்டிஃபிகேட் கொடுப்பேன்.

டிசம்பர் 21, ரயில் ஏறினாங்க. எலன் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர், எலனைச் சின்ன வயசில் இருந்தே தெரிஞ்ச, முதலாளியின் நண்பர்! எலன் காது கேட்காத மாதிரி ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் கண்டுபிடிக்கலை. அவர் பார்த்தது கோட்டையும் தொப்பியையும்தான்.

வழியில் ஒரு பெரியவர் பரிதாபப்பட்டு மூட்டுவாதத்துக்குக் கைகண்ட மருந்து என்று ஒரு சீட்டை நீட்டினார். படிக்கத் தெரியாது, தலைகீழாகப் பிடிச்சுட்டா மாட்டிக்குவோம் என்ற பயத்தில் எலன் நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கிட்டார். (எங்க கையெழுத்துன்னா பயப்பட வேண்டியதே இல்லை, எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான்.)

வாஷிங்டன் போகும் நீராவிக் கப்பலில் ஒரு சம்பவம். வில்லியம் தலையில் பழைய ஆனால் நல்ல வெள்ளைத் தொப்பி ஒன்று. அதைப் பார்த்த ஒரு பயணி எலனிடம் வந்து பொருமுகிறார். இவ்வளவு நல்ல தொப்பியைக் கொடுத்து உங்க ஆளைக் கெடுக்குறீங்க, ஜனாதிபதிகூட இதைவிட நல்லது போட முடியாது, எட்டி உதைச்சுத் தண்ணியில தள்ளணும் போல இருக்கு என்கிறார். வெள்ளைக்காரன் மாதிரி உடுத்தின கறுப்பனைப் பார்த்தாலே தலை முதல் கால் வரை தனக்கு அரிக்குது என்றும் சொல்றார்.

ஆளிச் சட்டை குத்தின குழந்தைக்கு வந்த அரிப்புக்குக் காரணம் தெரியும். இந்த அரிப்புக்கு எந்தத் துணியும் அவர் உடம்பில் படலை. வில்லியமின் தொப்பி வில்லியமின் தலையில்தான் இருந்தது. இதில் இன்னொண்ணு. அந்த ஆள் தன் மனக்குறையைச் சொல்லி ஆறுதல் தேடியது எலனிடம், அதாவது வெள்ளைக்காரன் மாதிரி உடுத்தியிருந்த ஓர் அடிமைப் பெண்ணிடம். எலன் பதில் பேசாமல் நகர்ந்து போனார்.

பால்டிமோரில் அதிகாரி மறித்தார். இந்த அடிமை உங்களுடையதுதான் என்று நிரூபிக்காமல் ரயில் ஏற விட முடியாது. மணி அடிக்கிறது. கையில் கட்டு, முகத்தில் கட்டு, நோயாளி என்று பார்த்துவிட்டு, சரி போகட்டும் விடு என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினாங்க.

பிறகு எலனை அந்த ஆண் வேஷத்திலேயே படம் எடுத்து, அச்சிட்டு, அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காரர்கள் விற்றாங்க. இணையத்தில் தேடினா இப்பவும் கிடைக்கும், பாருங்க. உயரத் தொப்பி, கோட், கண்ணாடி, கையைத் தாங்குற கட்டு எல்லாம் இருக்கும். முகத்துக் கட்டு மட்டும் இருக்காது. அது இருந்தா ஆள் யாருன்னு தெரியாதுன்னு அவிழ்த்துட்டுத்தான் அந்தப் படத்தை எடுத்தாங்க.